விசுவாசம்: தளராத கைக்கு வேதம் வைத்த பெயர்

"நன்றி விசுவாசம் இல்லாதவன்" என்று நம் வீடுகளில் ஒருவனைத் திட்டினால், அவன் கடவுள் இல்லை என்று சொல்பவன் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. சாப்பிட்ட வீட்டை மறந்தவன், கஷ்டத்தில் கைகொடுத்தவரை நட்டாற்றில் விட்டவன் என்றுதான் அர்த்தம். நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். எஜமானைப் பற்றி அதற்கு ஒரு கோட்பாடும் தெரியாது. அவர் வரும்வரை வாசலில் கிடக்கும், அவ்வளவுதான். இதே சொல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆலயப் படியேறியதும் சுருங்கிவிடுகிறது. அங்கே 'விசுவாசி' என்றால் சபைக்கு வருபவர். "இன்றைக்கு எத்தனை விசுவாசிகள்?" என்று கேட்டால் நாற்காலிக் கணக்கைச் சொல்கிறார்கள்.

கிறிஸ்தவ வேதம் விசுவாசம் என்று சொல்லும்போது, ஆலயத்துக்குள் நாம் பழகிய பொருளைவிட வீட்டுப் பேச்சின் பொருளுக்கே அது நெருக்கமாக இருக்கிறது. நம் சபைகளில் நடக்கும் பல குழப்பங்கள் இந்த ஒரு சொல்லைக் குறுக்கிப் புரிந்துகொண்டதில் தொடங்குகின்றன. மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது, காணிக்கை போட்டுவிட்டுக் கடனில் விழுவது, சந்தேகம் வந்ததும் சபையை விட்டே நின்றுவிடுவது, எல்லாம் அதில் சேரும். அதனால் சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம்.

பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் 'எமுனா'. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்கிற 'ஆமென்' அதே வேரிலிருந்து வந்தது. உறுதியாக நிற்பது, தாங்குவது, அசையாமல் இருப்பது என்பது அந்த வேரின் பொருள். 'எமுனா' வேதத்தில் முதன்முதலாக வரும் இடம் ஒரு போர்க்களம்: யாத்திராகமம் 17-ஆம் அதிகாரம். கீழே அமலேக்கியரோடு சண்டை நடக்கிறது. மேட்டில் மோசே கையை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை இஸ்ரவேலர் கை ஓங்குகிறது. கை இறங்கினால் அமலேக்கின் கை ஓங்குகிறது. நேரம் போகப்போக மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ஆரோனும், ஊர் என்ற பெயருள்ள இன்னொருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து அவரை உட்காரவைக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று அவர் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகள் 'ஒரேநிலையாயிருந்தது' என்று நம் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பான திருப்புதல் சொல்கிறது. அந்த 'ஒரேநிலை' என்ற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது எமுனா. ஆபகூக் 2:4-இல் "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று வருவதும் இதே சொல்தான்.

அந்த மேட்டுக் காட்சியில் மோசே என்ன உணர்ந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. பரவசம் இருந்ததா, பயம் இருந்ததா, தெரியாது. கை வலித்தது, இறங்கியது, கல் வந்தது, இரண்டு பேர் வந்தார்கள், பொழுது சாயும்வரை கை நின்றது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்'. நம்புவது, நம்பத்தக்கவராயிருப்பது ஆகிய இரண்டுமே அதற்குள் அடக்கம். கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளில் ஒன்றாக வரும் 'விசுவாசம்' இதுவே. அங்கே சொன்ன சொல் தவறாமை என்று வாசித்தால்தான் வரிசையில் பொருந்தும். யோவான் சுவிசேஷத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'விசுவாசம்' என்ற பெயர்ச்சொல்லை யோவான் தம் சுவிசேஷத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. 'விசுவாசிப்பது' என்ற வினைச்சொல்லை 98 தடவை எழுதியிருக்கிறார்.

தமிழில் நமக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய திருப்புதலில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஆக, ஒருவர் நம்பிக்கை என்று சொல்வது மற்றவருக்கு இரண்டாவது சொல்லாகக் கேட்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மெதடிஸ்ட் பெண், கத்தோலிக்க மாப்பிள்ளை என்று கலந்த குடும்பங்கள் ஏராளம். வீட்டு ஜெபத்தில் மாமியார் "நம்பிக்கையோடு இரும்மா" என்பார். நடக்கும் என்று எதிர்பார்த்திரு என்று மருமகள் காதில் விழும். ஆண்டவரைப் பற்றிக்கொள் என்பதையே மாமியார் சொல்லியிருப்பார். இந்தக் கட்டுரையில் விசுவாசம் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறோம். வீட்டு வழக்கின் விசுவாசமும் அதற்குள் இருப்பதுதான் காரணம்.

மாத்திரை டப்பாவும் மூன்று பாகங்களும்

16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்திலிருந்து இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்று பாகமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். லத்தீனில் நொடிசியா, அசென்சுஸ், ஃபிடூசியா என்பார்கள். தெரிந்திருப்பது, அது உண்மை என்று ஒத்துக்கொள்வது, அதன்மேல் பாரத்தை வைப்பது என்று நாம் சொல்லலாம்.

இனிப்புநீர் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் அபூர்வம் என்பதால் அதையே உதாரணமாக எடுக்கலாம். டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுக்கிறார். அது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று தெரியும்: முதல் பாகம். ஆமாம், எனக்கு இனிப்புநீர் இருக்கிறது, டாக்டர் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்கிறோம்: இரண்டாம் பாகம். மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில், சீல் உடைக்காமல், மூன்று மாதமாக இருக்கிறது. மூன்றாம் பாகம் இல்லை. இந்த ஆளிடம் போய் உங்களுக்கு மருந்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், கூசாமல் உண்டு என்பார். பொய் சொல்லவில்லை, இரண்டு பாகம் அவரிடம் இருக்கத்தான் செய்கிறது.

யாக்கோபு தம் நிருபத்தில் இதைத்தான் எடுத்துவைக்கிறார்: "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான்; பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" (2:19). பிசாசுக்குத் தெரியும், ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. உணர்ச்சிகூட இருக்கிறது, நடுங்குகிறதே! சார்ந்திருப்பது மட்டும் இல்லை.

முதல் இரண்டு பாகமும் தேவையில்லை, ஆண்டவரை நம்பினால் போதும் என்று சொல்வாரும் உண்டு. அதுவும் சரிப்படாது. யாரென்று தெரியாதவர்மேல் பாரத்தை வைக்க முடியாது. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரை உடனே தண்ணீரில் இறக்காமல் கற்றுக்கொடுப்பது அதனால்தான். கத்தோலிக்கத் திருச்சபை 1972-இல் மீட்டெடுத்த புகுமுக முறையில் இதற்கு நான்கு கட்டம்: விசாரித்து அறியும் காலம், கற்கும் காலம், தவக்காலத்தில் தூய்மையாகும் காலம், உயிர்ப்பு விழாவுக்குப் பின் 50 நாள் மறைபொருள் விளக்கம் பெறும் காலம். தவக்காலத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஞாயிறுகளில் சபையே அவர்களுக்காகச் சிறப்பு மன்றாட்டு நடத்தும். லூத்தரன் சபையில் 1529-ஆம் ஆண்டு எழுதப்பட்ட சிறிய ஞானோபதேசம் இன்றும் திடப்படுத்தல் வகுப்பில் பாடம். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லூத்தர் அதில் எழுதிய விளக்கம், என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் நான் விசுவாசிக்கக் கூடாதவன் என்று ஒத்துக்கொண்டே தொடங்குகிறது. பிள்ளைகள் இதை ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாற்பது வயதில் தம் விசுவாசம் குறைந்துவிட்டதே என்று தவிக்கும்போது யாராவது இந்த வரியை நினைவூட்டினால் நல்லது.

பவுலும் யாக்கோபும் சண்டை போட்டார்களா?

விசுவாசத்தினாலேயே இரட்சிப்பு என்கிறார் பவுல். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. இதை வைத்து ஐந்நூறு வருஷமாக வாக்குவாதம். மார்ட்டின் லூத்தரே 1522-இல் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று கேட்கும் முன்பே செய்து முடித்துவிடும் என்ற கருத்தையும் எழுதியவர் அவர்தான். இந்த இரண்டாவதை அவர் பெயரால் நடக்கும் சபைகளிலேயே குறைவாகத்தான் கேட்க முடிகிறது.

பவுலும் யாக்கோபும் காட்டும் சாட்சி ஒரே ஆள், ஆபிரகாம். அவர் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6-ஐத்தான் இருவரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பவுல் அந்த வசனம் சொல்லப்பட்ட நேரத்திலேயே நின்று பார்க்கிறார்: கையில் பிள்ளை இல்லை, செய்து காட்ட ஒன்றும் இல்லை, சந்ததி வரும் என்ற தேவனுடைய வாக்கு மட்டும் இருக்கிறது. யாக்கோபு பல வருஷம் தள்ளி 22-ஆம் அதிகாரத்தில், மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையில் நின்று பார்க்கிறார். வாக்கை ஏற்றுக்கொண்ட அன்று தொடங்கியது அங்கே நிறைவானது என்கிறார்.

இடையில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு 75 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். அந்த 25 வருஷத்தில் அவர் எகிப்தில் பயந்துபோய் மனைவியைச் சகோதரி என்று சொன்னார். அடிமைப்பெண் ஆகார் மூலம் தாமாகவே ஒரு வழி தேடி, 86 வயதில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனானார். 99 வயதில் வாக்கு மறுபடி வந்தபோது முகங்குப்புற விழுந்து சிரித்தார். விசுவாசிகளின் தகப்பன் என்று வேதம் இவரைத்தான் சொல்கிறது. தடுமாறாததால் அவருக்கு அந்தப் பெயர் வரவில்லை. தடுமாறி எழுந்த ஒவ்வொரு தடவையும் அதே வாக்கின் பக்கம் திரும்பினார்.

சபைகளுக்கு இடையிலான வாக்குவாதமும் பெரிதும் தணிந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வில் லூத்தரன் போதனைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 1999 அக்டோபர் 31-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், அதே கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக மன்றமும் நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களை ஆவியானவர் நற்கிரியைகளுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பது அந்த அறிக்கையின் சாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் லூத்தரன் சீயோன் பேராலயத்துக்குப் போகிறவரும், அங்கேயே பாத்திமா அன்னை ஆலயத்துக்குப் போகிறவரும், நகரத்துத் தமிழ் மெதடிஸ்ட் சபைகளுக்குப் போகிறவரும் இதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பது பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பவுலே கலாத்தியர் 5:6-இல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்."

அளவா, ஆளா?

"உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை." நம் ஜெபக்கூட்டங்களில் ஆளைக் காயப்படுத்துவதில் இதற்கு மிஞ்சிய வாக்கியம் இல்லை. விசுவாசம் என்பது பெட்ரோல் டாங்கி போல, முள் ஒரு கோட்டைத் தாண்டினால் அற்புதம் நடக்கும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது.

1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாகக் கடக்கிறார்கள். முதன்முதலில் ஊரிலிருந்து வந்த பாட்டி பேரன் காரில் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லியபடி கடக்கிறார். இருவரும் அக்கரை சேர்கிறார்கள். சேர்த்தது பாலம். பாட்டியின் பயத்தால் தூண் ஒன்றும் பலவீனமாகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடும் அவர் காரில் ஏறினார் பாருங்கள், அதுதான் விசுவாசம். கடுகளவு போதும் என்று இயேசு சொன்னது (மத்தேயு 17:20) அளவைக் கூட்டுவதற்கான அழைப்பாக இருந்திருக்க முடியாது. அளவைப் பற்றிய கவலையை விடு என்றே அது கேட்கிறது.

மாற்கு 11:24-ஐ, ஜெபத்தில் கேட்டதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசிக்கச் சொல்லும் வசனத்தை, மட்டும் பிய்த்தெடுத்து பேனரில் அடிக்கும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறது. முன்னால் 22-ஆம் வசனம் தேவனிடத்தில் விசுவாசம் வை என்கிறது. அப்படியானால் நம் விசுவாசத்தின்மேல் விசுவாசம் வைக்கச் சொல்லவில்லை. பின்னால் 25-ஆம் வசனம் ஜெபிக்க நிற்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் மன்னித்துவிடு என்கிறது. பேனரில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

தானியேல் 3-இல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள் சொன்ன பதிலில் ஒரு சொல் முக்கியம்: "விடுவிக்காமற்போனாலும்." எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று முதலில் சொல்கிறார்கள். அப்படி அவர் விடுவிக்காவிட்டாலும் உம் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். இன்று ஒரு ஜெபக்கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் "எதிர்மறையாகப் பேசாதீர்கள்" என்று யாராவது தடுக்கக்கூடும்.

மருந்தை நிறுத்துகிறவர்கள்

சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையை நிறுத்துவது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தொடர்ந்து நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்கிறவர்கள் முட்டாள்கள் அல்ல. கூட்டத்துக்கு முந்தைய நாள் உபவாசம். மேடையில் ஜெபம், கண்ணீர், உடம்பில் ஒரு லேசான உணர்வு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் எண் குறைந்திருக்கிறது. சாப்பிடாதவர்களுக்குக் குறையத்தான் செய்யும். அதைச் சாட்சியாகச் சொல்கிறார். சபை கை தட்டுகிறது. சொன்ன சாட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மாத்திரையை நிறுத்துகிறார். திரும்ப ஏறினாலும் வெளியில் சொல்லக் கூச்சம்.

இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் பல மாதம் வலியில்லாமல் உள்ளே வேலை செய்யும் நோய்கள். மருந்தை நிறுத்திய அன்று ஒன்றும் தெரியாது. பக்கவாதமோ கால் புண்ணோ வரும்போதுதான் தெரியும். முதல் வகை இனிப்புநீர் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய் மருந்து பொதுவாக ஆறு மாதம். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாகிவிடக்கூடும், வீட்டில் மற்றவருக்கும் பரவலாம்.

வேதத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஜெபத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). தம்மோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. தம் மாம்சத்தில் குத்தும் முள் என்று அவரே சொன்ன வேதனைக்காக மூன்று முறை மன்றாடினார், முள் போகவில்லை. கூட வந்த லூக்கா வைத்தியர். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே உண்டாக்கினார் என்று கற்பிக்கிறது.

சுகம் கிடைத்தவரிடம் இயேசு என்ன சொன்னார் என்பதும் கவனிக்கத்தக்கது. மாற்கு 1-இல் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். லேவியராகமம் 14-இன்படி அது ஒரு பரிசோதனை: ஆசாரியன் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு ஏழு நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே இருக்க வேண்டும், எட்டாம் நாள் பலி. இன்றைக்கு அதற்கு ஈடான வழி எளிது. ஜெபியுங்கள், மருந்தை ஒருநாளும் சுயமாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் அடுத்த எச்பிஏ1சி பரிசோதனைக்குக் காத்திருங்கள். அந்த ஒரு பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும், முந்தைய நாள் பட்டினி கிடந்து அதை மாற்ற முடியாது. எண் உண்மையிலேயே இறங்கியிருந்தால் மருந்தைக் குறைப்பது டாக்டரின் வேலை. அதன் பிறகு சாட்சி சொன்னால் யாரும் பதில் பேச முடியாது.

விசுவாசத்தையே அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆராதனையில் கண்ணீர் வருவது விரலில் குத்திய எண் போல. அன்றைய நிலை அது, பொய்யில்லை. கற்பாறை நிலத்து விதையைப் பற்றி இயேசு சொன்னபோது, வசனத்தை உடனே சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டவர்கள் என்றே அவர்களை வர்ணித்தார். வேர் இருந்ததா என்பது வெயில் ஏறிய பிறகு தெரிந்தது.

காணிக்கையை விதை என்று சொல்லி நூறு மடங்கு திரும்ப வரும் என்று வாக்களிப்பவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வராவிட்டால் குற்றம் எப்போதும் கொடுத்தவர் தலையிலேயே விழும்படி அமைந்த ஏற்பாடு அது. வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நேர்த்திக்கடன்

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஜூலை 26 திருவிழாவை ஒட்டி நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் கூட்டத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய. கோலாலம்பூர் புடுவில் அந்தோணியார் கோவிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். நேர்ந்துகொள்வது தமிழர் இரத்தத்தில் ஊறியது. அதை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளுவது அன்னாளைத் தள்ளுவதாகும். பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டவர் அவர் (1 சாமுவேல் 1). பால் மறந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். அதோடு முடியவில்லை: வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனார். கடன் தீர்ந்த பிறகும் உறவு தொடர்ந்தது.

நேர்ச்சை கெடுவது பேரமாகும்போது. நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன், அதோடு கணக்கு முடிந்தது. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள். இன்னும் தோல் சுகமாகாத நிலையிலேயே, போய் ஆசாரியருக்குக் காட்டுங்கள் என்ற ஒரு சொல்லை நம்பிப் பத்துப் பேரும் நடந்தார்கள். நடக்கும்போதே பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்பது அவனுக்கு மட்டும் சொல்லப்பட்டது. ஒன்பது பேர் சுகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் சுகம் கொடுத்தவரிடம் வந்தான். நம் வீட்டு வழக்கில் சொன்னால், அவனுக்குத்தான் நன்றி விசுவாசம் இருந்தது.

நேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஒரு யோசனை: குடும்பத்துக்குச் சேர வேண்டியதை நேராதீர்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). அம்மாவின் டயாலிசிஸ் செலவை வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் பெரிய குத்துவிளக்கு வாங்கித் தருவது யாருக்கும் மகிமை இல்லை.

மாதம் 15-ஆம் தேதி

செத்த விசுவாசத்துக்கு யாக்கோபு கொடுக்கும் உதாரணங்கள் மிகவும் தரைமட்டமானவை. உடுத்த இல்லாத, அன்றைய சாப்பாடு இல்லாத சகோதரியிடம் "சமாதானத்தோடே போ" என்று வாயால் மட்டும் சொல்வது ஒன்று. ஐந்தாம் அதிகாரத்தில் இன்னொன்று: வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது.

இந்த இரண்டாவதை இங்கே வைத்துப் பாருங்கள். சபையில் மூப்பராக இருப்பவர் சின்ன குத்தகைத் தொழில் நடத்துகிறார், எட்டுத் தொழிலாளர்கள். 2,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு, 220 ரிங்கிட் பிடிக்க வேண்டும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 260 ரிங்கிட் சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் 480 ரிங்கிட்டையும் கட்ட வேண்டும். வியாபாரம் இறுகும்போது முதலில் நிற்பது இதுதான். 220-ஐப் பிடித்தும் விடுவார்கள், கட்டவும் மாட்டார்கள். தொழிலாளிக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் ஓட்டை தெரியவரும். இந்த மூப்பர் உபவாச ஜெபத்தை முன்னின்று நடத்துகிறவராக இருக்கலாம். யாக்கோபின் அளவுகோல் அவருடைய ஜெபத்தின் நீளத்தைக் கேட்காது. அந்தத் தேதியைக் கேட்கும். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரர் சகேயு, இறங்கியதும் பாட்டுப் பாடவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னார். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதைக் கேட்ட பிறகுதான்.

கை அசந்துபோகும்போது

சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா? மாற்கு 9-இல் பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடு, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொன்னான். பிள்ளை சுகமானது. கொல்கத்தாவின் அன்னை தெரேசா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஜெபத்தில் வறட்சியோடு இருந்தார் என்பது 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்களில் தெரிந்தது. அந்த வருஷங்களில்தான் அவர் தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கினார்.

இயேசுவின் சீஷர் தோமாவை எல்லோரும் சந்தேகக்காரன் என்கிறார்கள். யோவான் 20-ஐ மெதுவாக வாசித்தால் ஒரு தகவல் கிடைக்கும். மற்றவர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்கிறார்கள், இவர் நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்துப் பார்த்தால், அதே வீட்டில் அதே ஆட்களோடு இருக்கிறார். அவர்கள் அவரைத் துரத்தவில்லை, அவரும் எழுந்து போகவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24-இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இருதயம் வினோதமாய்க் கதகதப்பானதை எழுதிவைத்தார்; மெதடிஸ்ட்கள் அனைவரும் அறிந்த தேதி. எட்டு மாதம் ஆகுமுன், 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்றும் அதே நாட்குறிப்பில் எழுதினார். இது யாருக்கும் நினைவில்லை. கதகதப்பை மட்டும் நம்பியிருந்தால் மெதடிஸ்ட் சபை வந்திருக்காது. 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடன் கழுத்தை நெரித்தபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வசூலிக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வைத்தார்கள். வசூலுக்கு வீடுவீடாகப் போன தலைவர்கள் அங்கே என்ன நடக்கிறது என்று கண்டார்கள்: ஒருவன் மனைவியோடு சண்டை போடுகிறான், இன்னொருவன் குடித்திருக்கிறான். அதிலிருந்துதான் வாராந்தர வகுப்புக் கூட்டம் பிறந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் கத்தோலிக்கரின் அன்பியமும், சுயாதீன சபைகளின் வீட்டுக் கூட்டமும் செய்ய முயல்வது இதையே.

நம் ஊரில் இது எங்கே கெடுகிறது என்றால், முதலாவது சாப்பாட்டில். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றால் பிரியாணியும் ரசமும் முப்பது பேருக்கு. அடுத்த வீட்டுக்காரர் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் கையில் காசில்லாத குடும்பம் முறை வரும்போது விலகிக்கொள்கிறது. தாங்க வேண்டியவர்களே முதலில் போய்விடுகிறார்கள். தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்று எழுதப்படாத சட்டம் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, அது இன்னொரு பிரசங்க மேடையாகிவிடுவது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு பாட்டு, ஒரு சிறு வாசிப்பு; மீதி நேரம் ஆளுக்கு ஐந்து நிமிஷம், இந்த வாரம் எது இறங்கியது, எது நின்றது என்று சொல்லட்டும். சொன்னதற்கு உபதேசம் வேண்டாம், அறிவுரை கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்டது வெளியே போகக் கூடாது. ஒரு தடவை ஒருவர் கதை வாட்ஸ்அப்பில் போனால் அந்தக் குழு அன்றோடு முடிந்தது. ஜெபிக்க முடியவில்லை என்கிறவரைக் கட்டாயப்படுத்தாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஜெபிக்கலாம்.

மாற்கு 2-இல் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாசலில் இடமில்லை. கூரையைப் பிரித்து, அவன் கிடந்த படுக்கையோடு இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் இருந்தவன் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை.